மூன்றாவது டிராக்

மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். அது உமாசங்கருக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் உறைத்தது. ஹெட்போனில் அப்பா பாடினார். அவர் கூடவே மின்விசிறியும் விடாமல் பாடியது.

மறுபடி பாடச் சொல்லவும் வழியில்லை. பதிவு முடிந்த மறுவாரமே அப்பா கபாலி குருக்களுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது. இப்போது இடுப்பில் ஒரு குட்டி நோட்டும் பேனாவும் செருகியிருக்கிறார். பேச்செல்லாம் எழுத்தில்தான்.

வெள்ளிக்கிழமை அம்மா லலிதாம்பாளின் முதல் வருஷத் திதி. அம்மாவுக்காக அப்பா கட்டிய அம்மன் பாட்டை, அன்றைக்கு அப்பா குரலிலேயே சொந்தங்கள் கேட்க வேண்டும். உமாசங்கருக்கு வேறு ஆசையில்லை.

செங்கம் ரோட்டு அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போன இத்தாலிக்காரரிடம் வாங்கிய எட்டு டிராக் ரெக்கார்டரில்தான் பதிவு; ஒவ்வொரு ஒலியும் தனித்தனி டிராக்கில் நிற்கும். முதல் டிராக்கில் சுருதிப்பெட்டி, இரண்டாவதில் தாளம், மூன்றாவதில் அப்பா. மூன்றையும் பக்குவமாகக் கலந்து ஒரே பாட்டாக்குவதுதான் பாக்கி.

தெருமுனை மைக் செட் கடை வேணு போனிலேயே வைத்தியம் சொன்னான். பேஸை, அதாவது அடித்தொனியை, கம்மி பண்ணச் சொன்னான். பண்ணியதும் மின்விசிறி ஒழிந்தது. அப்பாவின் கனமான குரலும் கூடவே ஒழிந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து யாரோ போன் பேசுவது போல ஆனது.

"ஹால் எஃபெக்ட ஏத்துங்க சார். கோயில்ல பாடற மாதிரி கேக்கும்" என்றான் வேணு.

உமாசங்கர் ஏற்றினான். மனைவி தாட்சாயிணி கரண்டியும் கையுமாக வந்து நின்று கேட்டாள்.

"ஏன்னா, அப்பா எந்தக் கிணத்துக்குள்ள இருக்கார்?"

கிணற்றிலிருந்து அப்பாவை மேலே தூக்க, எக்கோவைச் சேர்த்தான். ஒவ்வொரு அடியும் மூன்று முறை திரும்பி வந்தது. பௌர்ணமி கிரிவலத்தில் காணாமல் போனவர்களைக் கூப்பிடும் அறிவிப்பு மாதிரியே இருந்தது. மெமரி கார்டில் இடம் போதாததால், ஒவ்வொரு முறையும் பழைய கலவையை அழித்துவிட்டுத்தான் புதியதைச் செய்தான்.

குருக்கள் அதைக் கேட்டார். நோட்டை எடுத்தார். 'மெஷின் மேல் தப்பில்லை. மூன்றாம் அடியில் என் ஸ்ருதியே விலகியிருக்கிறது' என்று எழுதினார். உமாசங்கர் அந்தக் கலவையையும் அழித்தான்.

அந்தக் காது அப்படி. பதின்மூன்று வயதில் உமாசங்கர் நவராத்திரிக் கூட்டத்தில் பாடியபோது, பாதிப் பாட்டில் சுருதி பிசகியது என்று எழுந்து போனவர் அவர். அன்றைக்கு மூடிய வாயை உமாசங்கர் முப்பத்திரண்டு வருஷமாகத் திறக்கவில்லை. குளிக்கும்போதுகூட முணுமுணுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து வந்து பொத்தானை அழுத்தினான். சுருதிப்பெட்டி ஒலித்தது. தாளம் விழுந்தது. அப்பா வரவில்லை.

மூன்றாவது டிராக் காலி. முந்தின நாள் எதையோ தப்பாக அழுத்தித் தொலைத்திருக்கிறோம் என்று புரிந்தது. டாக்டர் எடுத்தது போக மிச்சமிருந்த குரலையும் பிள்ளை எடுத்தாயிற்று. யாரிடமும் சொல்லி அழக்கூடத் துணிவில்லை.

புதன்கிழமை மாலை அப்பாவும் தாட்சாயிணியும் கோயிலுக்குப் போன நேரம், கதவைச் சாத்தி, மின்விசிறியை மறக்காமல் நிறுத்தி, மைக்கின் முன் உட்கார்ந்தான். முதல் வரியில் குரல் நடுங்கியது. அம்மாவை நினைத்துக்கொண்டான். பிறகு பாட்டு தானாக வந்தது. அவனே பயந்துபோகும் அளவுக்கு நன்றாக வந்தது.

குரலைக் கொஞ்சம் இறக்கி, வயசான கரகரப்பைச் சேர்த்தான். நம்பகத்துக்காக அப்பாவின் இருமலையும் நாலு இடத்தில் இருமி வைத்தான்.

திதி முடிந்தது. வேணு கொண்டுவந்த ஸ்பீக்கரில் பாட்டு ஒலித்ததும் கூடம் அடங்கியது. கபாலி குருக்கள் கண்ணை மூடிக் கேட்டார். கன்னத்தில் நீர் இறங்கியது. முடிந்ததும் நோட்டில் எழுதி மகனிடம் நீட்டினார்.

'ஸ்ருதி சுத்தம். இருமல் மட்டும் ஜாஸ்தி.'

ஆயுசில் ஒரு முறை கிடைத்த பாராட்டு, அதுவும் அப்பா தன் குரல் என்று நம்பிக் கொடுத்தது. உமாசங்கருக்கு இலையில் கை ஓடவில்லை. பாதியில் எழுந்து வாசலுக்குப் போனான். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த வேணுவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"அப்பா குரல நானே அழிச்சிட்டேன் வேணு. இப்ப அவரையும் ஏமாத்திட்டேன்."

வேணு ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அத நீங்க அழிக்கல சார். மூணாவது டிராக்க மட்டும் எப்படி அழிக்கறதுன்னு உங்கப்பாதான் செவ்வாக்கெழம காலைல கடைக்கு வந்து, நோட்டுல எழுதிக் கேட்டுக்கினு போனாரு."