சிரிப்பு ஏற்பட்ட விவகாரம்

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பெர்மாஸ் ஜெயா குடியிருப்புப் பகுதியில் சதாசிவத்தின் வீட்டு வரவேற்பறையில் இருந்தவர்கள்: சதாசிவம், அவர் மனைவி அன்னபாக்கியம், மகள் மீனலோசனி, மகளின் தோழி வாசுகி, வாசுகியின் அப்பா கனகராஜ், அம்மா கிருஷ்ணம்மா. ஆக ஆறு பேர். வேறு யாரும் இல்லை.

இந்தப் பட்டியலைச் சதாசிவமே ஒரு தாளில் எழுதி, கீழே கோடும் போட்டு வைத்திருந்தார். நில அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். மூன்று பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடினால் குறிப்பெடுக்காமல் அவரால் இருக்க முடியாது.

"பிள்ளைங்க சண்டைக்கு மீட்டிங்கா சார்?" என்றார் கனகராஜ்.

"மீட்டிங் இல்ல, டீ குடிக்கத்தான் கூப்பிட்டேன். முடிவுல எல்லாரும் கையெழுத்துப் போடணும்."

சண்டை இரண்டு வாரத்துக்கு முந்தியது. பள்ளித் தமிழ் விழா நாடகத்தில் அரசியாக நடித்த வாசுகி, நடுவில் வசனம் மறந்து நின்றாள். மண்டபம் அமைதியாக இருந்தது. அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அதைக் கேட்டு மண்டபமே சிரித்தது. விளக்கு வெளிச்சத்தில் மேடையிலிருந்து ஆள் தெரியவில்லை. முன்வரிசையில் அப்பாவோடு இருந்த மீனலோசனிதான் சிரித்தாள் என்று பள்ளியில் பேச்சு. இடைநிலைப்பள்ளி முதலாம் படிவ வகுப்பிலிருந்து பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த தோழிகள். அன்றோடு வாசுகி பேச்சை நிறுத்திவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் தனலெட்சுமி டீச்சர் வகுப்புக்கு ஒரு தாள் கொடுத்தார். தலைப்பு, 'நான் எப்படிப்பட்ட நண்பர்?' தன்னைத்தானே யோசித்துப் பார்த்து எழுதி, சம்பந்தப்பட்ட நண்பரிடமே காட்ட வேண்டும். 'யாரை, எப்போது புண்படுத்தினீர்கள்?' என்ற மூன்றாம் கேள்விக்கு மீனலோசனி, 'வாசுகி மேடையில் நின்றபோது முதலில் சிரித்தது நான்தான். மன்னித்துவிடு' என்று எழுதியிருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் அந்தத் தாள் சதாசிவத்தின் கண்ணில் பட்டது.

"யாரக் கேட்டு இத எழுதின?"

"டீச்சர் யோசிச்சு எழுதச் சொன்னாங்கப்பா."

"யோசி. தாராளமா யோசி. எழுதாத. எழுதிட்டா ரெக்கார்ட் ஆயிடும். நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் எழுத்துல மன்னிப்பு கேட்டதில்ல."

"அப்ப யாருதான் சிரிச்சது?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் அன்னபாக்கியம்.

"முழங்கால் வலின்னு நீ விழாவுக்கே வரல. உனக்கு இது வேண்டாத விஷயம்."

அவரே புதிதாக எழுதிக் கொடுத்தார்: 'மேற்படி நாளில் மண்டபத்தில் சிரிப்பு ஏற்பட்டது. அதன் தொடக்கம் இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.' மீனலோசனி தலை குனிந்து பிரதி எடுத்தாள்.

வாசுகி அதைப் படித்தாள். பேசுவதில்லை என்பதால் பின்பக்கத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தாள்: 'இது நீ எழுதினது மாதிரியே இல்ல. நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்கு.'

நிலைமையைச் சீராக்க, சதாசிவம் கனகராஜுக்கு ஒரு விளக்கக் கடிதம் அனுப்பினார். அதற்குக் கோப்பு எண்ணும் இருந்தது. 'தங்கள் மகளின் மனவருத்தம் எமது கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது' என்று தொடங்கியது. தொழிற்சாலையில் கனகராஜ் அதைச் சக தொழிலாளியிடம் காட்டினார்.

"அலமாக்! இது வக்கீல் நோட்டீஸ் லா!" என்று பதறினார் அவர்.

கனகராஜ் உடனே போன் போட்டார். "என்ன சார், என் பொண்ண கோர்ட்டுக்கு இழுக்கிறீங்களா?"

மறுநாள் வாசுகி வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்தாள். அதைச் சரிசெய்யத்தான் இந்தத் தேநீர்.

சதாசிவம் சமரசக் குறிப்பின் மூன்றாவது வரைவை வாசித்தார். "சிரிப்பு ஏற்பட்டதற்கு இரு குடும்பங்களும் பொறுப்பில்லை என ஒப்புக்கொள்கின்றன."

"எங்க குடும்பம் எங்க சார் வந்துச்சு? எங்க பொண்ணு மேடையில அழுதுகிட்டு நின்னுச்சு!" என்றார் கனகராஜ்.

"அழுகை இந்தக் குறிப்புல வராது."

வாசுகி எழுந்தாள். "எனக்குப் பேப்பர் வேணாம் அங்கிள். மீனா என் முகத்தப் பாத்துச் சொல்லட்டும். இல்லன்னா திங்கக்கிழமை நான் வேற கிளாசுக்கு மாத்திக் கேக்கப் போறேன்."

மீனலோசனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான் வாசு. நான்தான் சிரிச்சேன்."

"இது பதிவாகாது!" சதாசிவம் பேனாவை மூடினார். "என் வீட்டுல யாரும் அடுத்தவங்க பிள்ளையப் பாத்துச் சிரிச்சதா பேச்சே வரக்கூடாது."

வாசுகி வாசல்வரை போய்விட்டாள். கனகராஜும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வந்ததிலிருந்து "சீனி வேணாம்" என்பதைத் தவிர ஒன்றும் பேசாத கிருஷ்ணம்மா, கோப்பையை மேசையில் வைத்தாள்.

"வாசுகி, நில்லு. சார், அன்னைக்கு உங்களுக்கு நேர் பின்னாடி சீட்டுல நான்தான் உக்காந்திருந்தேன். பெரியவராச்சேன்னு இத்தனை நாளும் வாயத் தொறக்கல. உங்க பாப்பா சிரிச்சிச்சுன்னு ஸ்கூல் பூரா பேசுறாங்க. பாப்பா சிரிக்கல, உங்களுக்காகப் பழிய ஏத்துக்கிச்சு. சிரிச்சது நீங்க."