வள்ளத்தில் வெள்ளம்

தேங்காய்ப்பட்டணம்,
12 டிசம்பர் 1934.

கர்த்தருக்குள் பிரியமும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் நேசமணி அத்தான் அவர்களுக்கு, பென்ஷன் வாத்தியார் யோவான் எழுதும் ஸ்தோத்திரக் கடிதம். நானும் உங்கள் தங்கை தங்கபாயும் சுகம். கொழும்பில் உங்கள் சுகத்துக்கும் மகள் ஜெபகுமாரியின் சுகத்துக்கும் தினமும் ஜெபிக்கிறோம். உங்கள் படகும் சுகம். இப்போது சுகம்.

என்னை நம்பி விட்டுப்போன அந்த மோட்டார் படகு போன மாதம் ஆற்றில் முங்கியது. பதறாதீர்கள். ஜனவரியில் ஜெபகுமாரியின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் குளச்சலிலிருந்து அதில்தான் வருவோம் என்று ஒரே பிடியாக நிற்பதும், படகு இல்லாவிட்டால் நம் மானம் கப்பலேறிவிடும் என்பதும் எனக்குத் தெரியாதா என்ன?

ஓட்டிப் பார்க்கலாமென்று படகோட்டி ததேயுசோடு போனேன். நடு ஆற்றில் அவன், "சாரே, வெள்ளம் கேறுது!" என்றான். நான் பாளையங்கோட்டைக்காரன், எங்கள் பக்கம் வெள்ளமென்றால் ஆறு பெருகி வருவது. "ஏறட்டும்லே, வெள்ளம் வந்தா படகு நல்லா மிதக்கும்லா?" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டேன். முழங்கால் நனைந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. நம் சபையில் தெளிப்பு ஞானஸ்நானம்தான். அன்று நானும் படகும் முழுக்கே எடுத்துவிட்டோம். கரையில் தங்கபாய் தலையிலடித்துக்கொண்டாள்: "இஞ்ச வெள்ளமுன்னா தண்ணியாக்கும்! மூணு மாசமா இஞ்ச கெடந்தும் இது தெரியாதா?"

மறுநாள் ததேயுஸ் முங்கிப்போய்க் கயிறு கட்டினான். கடல் இறங்கி ஆற்றில் நீர் வற்றிய நேரத்தில் இருபுறமும் வள்ளங்களை நிறுத்தி, குறுக்கே மூங்கில் போட்டு அந்தக் கயிற்றை அதில் இறுக்கினோம். கடலேற்றம் ஆற்றுக்குள் வந்ததும் கடலே படகைத் தூக்கிக் கொடுத்தது. நான் கரையிலிருந்து கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்து, இயந்திரத்தைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, மண்ணெண்ணெயில் துடைத்து, தங்கபாய் நெல் காயப்போடும் பாயில் பரப்பினோம். ஒரு குழாய்க்குள்ளிருந்து நண்டு வந்தது. அதைத் தவிர எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டோம். முந்தாநாள் அது தடதடவென்று உயிர்த்தபோது, சொல்ல வெட்கமில்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேற்று நானே சாயமடித்தேன். அடிப்பலகையில் அசிங்கமாகத் துருத்திக்கொண்டிருந்த மரத்தக்கை ஒன்றைப் பிடுங்கிவிட்டேன். நல்ல கனமான தக்கை. இந்தக் காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன்.

இன்று ததேயுஸ் படகை ஆற்றில் இறக்குகிறான். தங்கபாய் கல்யாணம் சொல்ல அருமனைக்குப் போயிருக்கிறாள். ஆகவே மாப்பிள்ளை வீட்டாருக்குத் தைரியமாக எழுதுங்கள். ஆண்டவர் உங்களைக் கரையிலும் தண்ணீரிலும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
யோவான்.

பி.கு.: தென்னைகளுக்கு அப்பாலிருந்து ததேயுஸ், "சாரே, வெள்ளம்! வெள்ளம்!" என்று கத்துகிறான். இந்த முறை நான் ஏமாறவில்லை, பாவம், தாகம். செம்பில் கொண்டுவரவா என்று ஜன்னல் வழியே கேட்டேன். "செம்பு போராது சாரே, வாளி கொண்டாரும்!" என்கிறான். தக்கை எங்கே என்றும் கேட்கிறான். காற்று பலமாக அடிக்கிறது, கடிதத்தை ஒட்டியபின் கொடுக்கலாம். முதலில் வாளி நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறேன்.