மரக்காணத்தில் மணாலி

மனைவியை மணாலிக்கு அனுப்புவதில்லை, மணாலியை மனைவியிடம் வரவழைத்துவிடுவது என்று இரண்டாயிரத்து ஆறாம் வருடம் மாசி மாதத்தில் ஒரு தீர்மானம் போட்டேன். சிரிக்க வேண்டாம். நான் போட்ட தீர்மானங்களிலேயே இதற்குத்தான் அதிகமாக உழைத்தேன். அதிகமாக அடி வாங்கியதும் இதில்தான்.

என் பெயர் முருகையன். மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. என் மனைவி கொளஞ்சி அதே அளத்தில் தலையில் உப்பு சுமக்கிறாள். அளத்தில் நான் சொல்வதை அவள் கேட்பாள். வீட்டில் அவள் சொல்வதை நான் கேட்பேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு நாங்கள் இப்படி நியாயமாகத்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம். அதில் மண்ணைப் போட்டது என் மச்சினி கீதாஞ்சலி.

கீதா பொம்மையார்பாளையத்தில் இருக்கிறாள். ஆரோவிலில் ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கோடை வந்தால் அந்தக் குடும்பம் மணாலிக்குப் போய்விடும். போன வருடம் கீதாவையும் கூட்டிப் போனார்கள். திரும்பி வரும்போது ஒரு சி.டி. கொண்டுவந்தாள். அதில் கீதா பனியில் நிற்கிறாள், விழுகிறாள், பனியை அள்ளித் தின்கிறாள். கொளஞ்சி வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்தால் எனக்குப் பயம். திறக்காவிட்டால் இன்னும் பயம்.

இந்த வருடம் கீதா நேராகவே கேட்டுவிட்டாள். "அக்கா, சமையலுக்கு ஒரு ஆள் வேணும்னு மேடம் சொல்றாங்க. மே மாசம் நீயும் வாயேன்."

கொளஞ்சி என்னைப் பார்த்தாள்.

"மே மாசமா? கத்திரி வெயில்லதான் உப்பே வெளையும். ஆளு கொறஞ்சா மொதலாளிக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றேன். இது அளத்துக் காரணம். வீட்டுக் காரணம் வேறு. எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது.

கீதா போன பிறகு கேட்டேன்.

"அங்க அப்படி இன்னாதான் இருக்குது?"

"வெள்ளையா இருக்குதுங்க."

"இங்க மட்டும் கறுப்பாவா இருக்குது?"

"இங்க இருக்கிறது எரியுதுங்க. வெள்ளையா இருந்து எரியாத ஒண்ண ஒரு தடவ காலால மிதிச்சுப் பாக்கணும். அவ்ளோதான்."

அவள் பாதம் முழுக்க வெடிப்பு. வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறினால் உயிர் போகும். மேஸ்திரி ஆவதற்கு முன்னால் நானும் உப்புப் பாத்தியில் இறங்கியவன்தான். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை என்று எனக்கே தோன்றியது. தோன்றி என்ன செய்வது? யார் எனக்குச் சோறு போடுவது?

அப்போதுதான் மூளை வேலை செய்தது.

"கொளஞ்சி, மணாலிக்குப் போனா கடசில கைல இன்னா இருக்கும்?"

"இன்னா இருக்கும்?"

"ஒரு சி.டி. அந்த சி.டி.ய நானே குடுத்துட்டா?"

கல்யாண வீடியோ எடுக்கும் மரியதாஸ் என் சிநேகிதன். கடைக்குப் புதுசு வாங்கியபோது பழைய கம்ப்யூட்டரையும் பழைய கேமராவையும் என் தலையில் கட்டியிருந்தான். அந்தக் கம்ப்யூட்டரோடு ஓசியாகவே மூவி மேக்கர் என்று ஒன்று வந்திருந்தது. படத்தை வெட்டலாம், ஒட்டலாம். பாதி வேகத்தில் ஓடவிடலாம். வெறும் வெள்ளையிலிருந்து மெல்ல மெல்ல ஆளைக் கொண்டுவரலாம். எல்லாவற்றையும் சும்மா இழுத்து விட்டால் போதும். "சின்னப்புள்ளகூட ஒரு மணி நேரத்துல கத்துக்கும்பா," என்றான் மரியதாஸ். எனக்கு ஒரு மாதம் ஆனது.

பாண்டி சண்டே மார்க்கெட்டில் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கினேன். பங்குனி வெயிலில் கொளஞ்சியை அதற்குள் நுழைத்து உப்புக் குவியலின் அடியில் நிறுத்தினேன். காலுக்கு என் கேன்வாஸ் ஷூ. உச்சியில் நான், ஒரு கையில் கேமரா, மறுகையில் உப்புச் சல்லடை.

"நடுங்கு!"

"வேர்க்குதுங்க."

"வேர்வைய வெட்டிடலாம். நீ நடுங்கு. பனி விழுது பாரு!"

"கண்ணுல விழுதுங்க!"

"சிரிச்சுக்கினே கண்ணத் தொடச்சுக்கோ. ஜோரா இருக்கும்."

வெட்டி, ஒட்டி, வேகத்தைக் குறைத்து, வெளிச்சத்தைக் கூட்டினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அது மணாலியேதான். கடைசியில் எழுத்து ஓடியது. கதை: முருகையன். ஒளிப்பதிவு: முருகையன். எடிட்டிங்: முருகையன். பனி: முருகையன். மரியதாஸே பார்த்துவிட்டு, "எப்படா போனீங்க?" என்று கேட்டான்.

ஒரு கலைஞனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் கொளஞ்சியின் நாக்கு எங்காவது தடுக்கினால் மானம் போய்விடும். அதனால் ஒரு சட்டம் போட்டேன்.

"இனிமே யாரு கேட்டாலும் மணாலின்னுதான் சொல்லணும். நானே கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும். வூட்டுக்குள்ளயே பழகிக்கினாதான் வெளிய வாய்ல வரும்."

"நீங்க கேட்டாலுமா?"

"நான் கேட்டாலும்."

"சரிங்க," என்றாள் கொளஞ்சி. என் கல்யாண வாழ்க்கையில் அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி என்று சொன்னதில்லை. அப்போதாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கீதா வந்து படத்தைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரமிப்பு என்று நினைத்தேன்.

"மாமா, அசத்திட்டீங்க! ஆனா ரொம்பச் சின்னதா இருக்குது. ரெண்டாம் பாகம் எடுக்கணும் மாமா. மே மாசம் அக்காவ என்னோட அனுப்புங்க. நான் கேமரா பிடிக்கிறேன்."

"எங்க எடுப்பீங்க?"

கீதா அக்காவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தாள்.

"மணாலியிலங்க," என்றாள் கொளஞ்சி.

"சபாஷ்!" என்று தொடையில் தட்டினேன். பக்கத்து ஊர் அனுமந்தையில் ஏதோ ஒரு உப்புப் பாத்தியைப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். பனியைப் பார்க்கக் கொடுக்காத லீவை, உப்பைப் படம் பிடிக்கக் கொடுத்தேன். கலைக்காகச் சில தியாகங்களைச் செய்துதான் ஆக வேண்டும்.

கிளம்பும் அன்று ஸ்வெட்டரை நானே மடித்து வைத்தேன். கேமராவை நானே துடைத்துக் கொடுத்தேன். பையையும் நானே தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். வழியில் பரீட்சை வைத்தேன்.

"எங்க போற?"

"மணாலிக்கு."

"யாரோட?"

"கீதாவோட, மேடத்தோட."

"எதுல?"

"மெட்ராஸ்ல இருந்து டெல்லிக்கு ரயிலு. அங்கேர்ந்து பஸ்ஸு."

"அடேங்கப்பா, ரயிலு வரைக்கும் யோசிச்சு வச்சிருக்கியே!"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதாங்க."

பஸ் ஏறியதும் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. அனுமந்தைக்குப் போகிறவள் ஏன் அழுகிறாள்? அதற்குள் பாத்திரத்தில் மூழ்கிவிட்டாள் என்று பெருமைப்பட்டேன்.

அதன் பிறகு எனக்குப் பரோட்டாக் கடைதான் கதி. ஒருநாள் செல்லுக்குப் போன் வந்தது. நம்பர் ஏதோ நீளமாக இருந்தது.

"சாப்டீங்களா? இங்க பேசவே முடியலீங்க. பல்லு அடிக்குது."

"நல்லாருக்குது. ஆனா அந்தப் பல்லு சத்தத்தக் கொஞ்சம் கொறச்சுக்கோ. நாடகம் மாதிரி இருக்குது."

அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. போன் வைக்கப்பட்டது.

மே மாதக் கடைசியில் கொளஞ்சி திரும்பி வந்ததும் முதல் வேலையாக ரசம் வைக்கச் சொன்னேன். இரண்டாவது வேலையாக டேப்பை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டாள். படம் ஓடியது. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

"இன்னா கொளஞ்சி இது? பின்னால ஒண்ணுமே தெரியல. வெள்ள வேட்டியக் கட்டித் தொங்கவுட்டீங்களா?"

"மேகமுங்க."

"வீட்டுக்குள்ளயும் சட்டத்த விடமாட்ட போல. சரி, சல்லடைக்கு இன்னா ஆச்சு? இவ்ளோ பெரிசு பெரிசாவா பனி விழும்? கண்ணு பெரிசான சல்லடைய யாரு எடுத்துக்கினு வரச் சொன்னது?"

"அது தானா விழுந்துதுங்க."

"வாய்ல இருந்து பொக வருதே! கீதா வூட்டுக்காரன் பீடிய வாங்கி இழுத்தியா?"

"மூச்சுங்க."

"மூச்சுல எப்படிப் பொக வரும்? ஜனங்க காறித் துப்புவாங்க. இதுவும் வெட்டு."

அடுத்து ஒரு எருமை வந்தது. உடம்பெல்லாம் தரை வரைக்கும் முடி. எருமைக்குக் கம்பளி போர்த்துகிற அளவுக்கு மெனக்கெட்டிருக்கிறார்களே என்று மனதுக்குள் பாராட்டினேன். ஆனால் சுத்தமாக நம்புகிற மாதிரி இல்லை. வெட்டினேன். அந்தந்த இடத்தில் என்னுடைய பங்குனி மாத உப்பை எடுத்து ஒட்டினேன். உண்மையாகவே அதுதான் பனி மாதிரி இருந்தது.

கடைசியில் ஒரு துண்டு. கொளஞ்சி பூட்ஸைக் கழற்றுகிறாள். வெறுங்காலை வெள்ளையில் வைக்கிறாள். கணுக்கால் வரை புதைகிறது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். கன்னத்தில் தண்ணீர் வழிகிறது.

"சிரிக்க வேண்டிய எடத்துல அழுவுற. அதுவும் வெறுங்காலோட. பனில எவளாவது வெறுங்காலோட நிப்பாளா?" என்று அதையும் வெட்டினேன்.

"அத மட்டும் வெட்டாதீங்க," என்றாள் கொளஞ்சி.

குரல் வேறு மாதிரி இருந்தது. திரும்பினேன். நாற்காலியில் நீட்டியிருந்த அவள் பாதம் என் கண்ணெதிரே இருந்தது. எத்தனையோ வருடமாக நான் பார்த்த பாதம். வெடிப்பெல்லாம் மூடியிருந்தது. குதிகாலில் புதுத்தோல் வந்திருந்தது.

நான் மேஸ்திரி. எடிட்டிங்கில் என்னை ஏமாற்றலாம், காலில் ஏமாற்ற முடியாது. உப்பில் நின்றுவிட்டு வந்த கால் இப்படி இருக்காது. ஒருநாள் நின்றிருந்தால்கூட இருக்காது.

"கொளஞ்சி, நீ எங்க போயிருந்த?"

"மணாலிக்கு."

"சட்டத்த விடு. நெசமாச் சொல்லு."

"நெசமாத்தான் சொல்றேன். போறப்பயும் நெசமாத்தான் சொன்னேன். ரயிலச் சொன்னேன், பஸ்ஸச் சொன்னேன். சபாஷ்னு நீங்கதான் பைய தூக்கிக்கினு வந்தீங்க."

கோபம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை. அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒருவன் சரி என்று சொல்லியிருந்தால் இவள் இதை நேர்வழியிலேயே செய்திருப்பாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"எரியலீங்க," என்றாள்.

அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. வெட்டியது எங்கேயும் போகாது, ஓரமாகக் கிடக்கும். பாதத்தை எடுத்துப் பழையபடி ஒட்டினேன். பீடிப் புகையை ஒட்டினேன். எருமையை ஒட்டினேன். என் உப்பை எல்லாம் எடுத்துவிட்டேன்.

"கடசில எழுத்து போடணும்ல?" என்றாள் கொளஞ்சி. "நான் சொல்றேன், அடிங்க. நடிப்பு, கொளஞ்சி. ஒளிப்பதிவு, கீதாஞ்சலி. பனி, மணாலி."

அடித்தேன். கொஞ்சம் காத்திருந்தேன்.

"என் பேரு?" என்றேன்.

"மறப்பேனா? அடிங்க," என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். ஸ்வெட்டர் உதவி: முருகையன்.