கீநோட் அண்ணன் க்யூவில் நிற்காத வருஷம்

ஒரு போன் கம்பெனியின் விற்பனை குறைந்தால் பங்கு வைத்திருப்பவர்கள் கவலைப்படுவார்கள். கடைக்காரர்கள் கவலைப்படுவார்கள். பங்கும் இல்லாமல், கடையும் இல்லாமல், சொந்தத் தம்பிக்கு வேலை போய்விட்டதுபோல் மத்தியானச் சாப்பாட்டை ஒதுக்கி வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

தெம்பனிஸில் நாங்கள் வேலை பார்த்த இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவருக்கு ‘கீநோட்’ என்று பெயர். எனக்கு மட்டும் கீநோட் அண்ணன். அடையாள அட்டையில் வேறு ஒரு நீளமான பெயர் இருந்தது. அது சம்பளச் சீட்டுக்கு மட்டும் பயன்பட்டது. அந்த போன் கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை புது மாடலை மேடையில் அறிமுகப்படுத்தும் பேச்சுக்குத்தான் கீநோட் என்று பெயர். அமெரிக்காவில் அவர்கள் காலை காப்பி குடித்துவிட்டுப் பேச ஆரம்பிக்கும்போது நமக்கு நடு ராத்திரி. அண்ணன் விழித்திருந்து பார்த்துவிட்டு, மறுநாள் கண் சிவக்க வந்து, அலுவலக பேன்ட்ரியில் முழுப் பேச்சையும் மறுபடி நடத்துவார். இந்தப் பக்கம் மைலோ டப்பா, அந்தப் பக்கம் மைக்ரோவேவ், நடுவில் அண்ணன்.

“இதுவரைக்கும் போனை நீங்க தொட்டீங்க. இனிமே போன் உங்க மூஞ்சியைப் பாத்துத் தானா திறக்கும்!” என்பார். நாங்கள் கைதட்டியே ஆக வேண்டும். தட்டாமல் யாராவது பிஸ்கட் எடுத்தால், “ஆடியன்ஸ் ப்ளீஸ்” என்று நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

எங்களுக்குச் சம்பளம் கொடுத்த இடத்தை அவர் ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்லுவார். ‘கம்பெனி’ என்றால் அந்த போன் கம்பெனி. ஒருமுறை எங்கள் மேலாளர் மிஸஸ் லிம், “நீங்க கம்பெனிக்காக என்ன செஞ்சிருக்கீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டபோது, அண்ணன் தம் பழைய போன்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மகள் கல்யாணத்தைக்கூட அப்படித்தான் அறிவித்தார். பத்திரிகையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பேன்ட்ரி விளக்கை அணைக்கச் சொல்லி, “ரொம்ப வருஷமா எங்க வீட்ல ரகசியமா ஒரு வேலை நடந்துச்சு” என்று தொடங்கினார். மாப்பிள்ளையின் சிறப்பம்சங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் “மூணு கலர்ல கிடைக்குமா?” என்று யாரோ கேட்டார்கள். அண்ணன் ஒரு வாரம் பேசவில்லை.

புது மாடல் விற்பனைக்கு வரும் அன்று லீவு போட்டுவிட்டு ஆர்ச்சர்ட் ரோட்டில் க்யூவில் நிற்பார். மடக்கு நாற்காலி, குடை, அண்ணி கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம். கதவு திறந்து, கடைப் பிள்ளைகள் கைதட்டி வரவேற்க, பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியே வருவார். அந்த வீர நேரத்தில் பழைய போனில் அண்ணி கூப்பிடுவார். “என்னங்க, தேக்கா மார்க்கெட்ல இறங்கி முருங்கைக்காய் வாங்கிட்டு வாங்க.” அண்ணன் காதில் அது விழாது. முருங்கைக்காயும் வராது.

காதில் விழாது என்று சொல்லும்போது அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். அண்ணன் கனவுலகத்தில் இருக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். “க்ளெய்ம் ரெடியா?” என்று மிஸஸ் லிம் கேட்டால், “நோ லைம், கோப்பி போதும்” என்பார். “அண்ணே, மீட்டிங் ரூம் மாறிடுச்சு” என்றால், “ஆமாம்மா, காலைலயே தூறிடுச்சு” என்று ஜன்னலைப் பார்ப்பார். இதையெல்லாம் நாங்கள் ஜோக்காகச் சொல்லிச் சொல்லி மற்ற மாடிகளுக்கும் பரப்பினோம்.

பிறகு அந்த வருஷம் வந்தது. வழக்கம்போல் கீநோட் முடிந்த மறுநாள் காலை பேன்ட்ரியில் கூடினோம். அண்ணன் வந்தார். மைலோ டப்பாவை நகர்த்தவில்லை. பால் இல்லாத கோப்பி-ஓ கலக்கிக்கொண்டு ஓரமாக நின்றார்.

“என்னண்ணே, என்ன புதுசு?”

“கலர்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான் லா. கலர் மாத்தியிருக்கான்.”

அந்த வருஷம் அவர் க்யூவில் நிற்கவில்லை. லீவு போட்ட நாளில் அலுவலகத்துக்கே வந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளில் கம்பெனியின் விற்பனை சரிகிறது என்று செய்தி வந்தது. அன்றுதான் மத்தியானச் சாப்பாட்டை ஒதுக்கினார்.

“அண்ணே, பிரஷர் குக்கர் வந்து எத்தனை காலம் ஆச்சு? வருஷா வருஷம் புதுசா என்ன செஞ்சான்? அதே விசில்தானே? நல்லா அமைஞ்ச சாமானை எதுக்கு மாத்தணும்?” என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தேன்.

“குக்கருக்கு எவனும் க்யூல நிக்கலம்மா” என்றார். தட்டச்சுப் பலகையைப் பார்த்தபடியே தொடர்ந்தார். “கம்பெனிக்காரன் பயந்துட்டான். சின்னவனா இருந்தப்ப இழக்க ஒண்ணும் இல்ல, துணிஞ்சு செஞ்சான். இப்ப எல்லாம் இருக்கு. கையைக் காலை நீட்டப் பயமா இருக்கு. நானும் அப்படித்தானே உக்காந்திருக்கேன்.”

அவர் கம்பெனியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த மாதம் அவர்மேல் வாடிக்கையாளர் புகார்கள் வந்திருந்தன. போனில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம். விபத்து நடந்த இடம் குவீன்ஸ்டவுன் என்று ஒருவர் சொன்னதை இவர் கிளமெண்டி என்று பதிந்திருந்தார். வாடிக்கையாளரோடு போனில் பேசும் வேலையிலிருந்து எடுத்து, ஸ்கேன் செய்யும் பிரிவுக்கு அனுப்பலாமா என்று மிஸஸ் லிம் யோசித்துக்கொண்டிருந்தார். “வயசாயிடுச்சுன்னு நெனைக்கிறாங்க” என்றார் அண்ணன். பேசுவதற்கென்றே பிறந்த மனிதரை ஸ்கேனர் முன்னால் நிறுத்தினால் என்ன ஆவார்?

இந்தச் சமயத்தில்தான் பட்டிமன்றம் வந்தது. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சமூக மன்றத்தில், ஞாயிற்றுக்கிழமை, தமிழ்க் குடும்பங்கள் கூடும் விழா. தலைப்பு: ‘முன்னணி போன் நிறுவனம் இன்னமும் புதுமை செய்கிறதா, பழைய பெருமையில் பிழைக்கிறதா?’ தலைப்பைக் கொடுத்ததே அண்ணன்தான் என்பது என் சந்தேகம். பழைய பெருமை அணியில் அவர் சேர்ந்தார். எதிரணியில் ஆள் குறைகிறது என்று என்னை இழுத்துப் போட்டார்கள்.

எனக்குப் பேச விஷயம் வேண்டுமே? கம்பெனி சத்தமில்லாமல் என்னென்ன செய்திருக்கிறது என்று தேடினேன். பழைய போனுக்கே வந்த ஓர் அப்டேட்டில் ஒன்று அகப்பட்டது. காதில் அவர்கள் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டால் காதின் கேட்கும் சக்தியை அதுவே சோதிக்குமாம். மறுநாள் பேன்ட்ரியில் அதைச் சொல்லி அண்ணனைச் சீண்டினேன்.

“இதுவா புதுமை? இதைச் சொல்லிட்டு மேடைக்கு வந்துடாதம்மா, பாவம், சிரிப்பாங்க” என்றார். “இரு, நானே செஞ்சு பாத்து, எப்படிப்பட்ட டுபாக்கூர்னு மேடையில நடிச்சுக் காட்டுறேன்.”

தம் இயர்பட்ஸை எடுத்துக்கொண்டு சின்ன மீட்டிங் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிச் சுவர். வெளியே நானும் இன்னும் சிலரும் சிரிக்கத் தயாராக நின்றோம். பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரையைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் விரலைத் திரைக்கு மேல் நீட்டி, பந்தயத்தில் விசிலுக்குக் காத்திருக்கும் ஓட்டக்காரர்போல் உட்கார்ந்தார்.

விரல் நீட்டியபடியே இருந்தது. ஒரு தடவை தட்டினார். பிறகு இல்லை. முகத்தைச் சுளித்தார். காத்திருந்தார். எங்களில் ஒருவர் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்திவிட்டார்.

கதவைத் திறந்து, “அப்டேட்ல ஏதோ பக் இருக்கு லா, கோளாறு. சத்தமே வரல” என்றார்.

மற்றவர்கள் கலைந்துபோனார்கள். நான் உள்ளே போய் இயர்பட்ஸைத் துடைத்து மாட்டிக்கொண்டு சோதனையை ஓட்டினேன். பீப். பீப். பீப். சில சத்தங்கள் மெலிதாக இருந்தன, ஆனால் எல்லாம் தெளிவாக இருந்தன.

“வருதுண்ணே.”

“என்னது?”

“சத்தம்... வருது.”

அண்ணன் என் வாயையே பார்த்தார். எத்தனையோ காலமாக அவர் எல்லார் வாயையும் அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “மாலதிகிட்ட இப்பச் சொல்லாத” என்றார். மாலதி அண்ணியின் பெயர்.

ஆனால் அரசாங்க பாலிகிளினிக்குக்கு அண்ணிதான் அழைத்துக்கொண்டு போனார். அவரிடம் எதை மறைக்க முடியும்? காது உண்மையிலேயே மங்கியிருந்தது, முற்றவில்லை. பிற்பாடு கருவி தேவைப்படலாம், இப்போதைக்கு இந்த இயர்பட்ஸையே சத்தத்தைக் கூட்டித் தரும்படி வைத்துப் பழகலாம் என்று டாக்டர் சொன்னாராம். அண்ணன் அந்த வாரம் முழுக்க எதையும் காதில் மாட்டவில்லை. பேன்ட்ரிப் பக்கமும் வரவில்லை. பட்டிமன்றத்துக்கு வர மாட்டார் என்றே நினைத்தேன்.

வந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய், பின்னால் பட்டுப்புடவையில் அண்ணி. நடுவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நேரம் முடிந்தால் மேசையிலுள்ள மணியைத் தட்டுவார். நான் முதலில் பேசினேன். காதுச் சோதனையைப் பற்றி மூச்சு விடவில்லை. வேறு என்னவோ உளறி, குக்கரைச் சொல்லிச் சமாளித்துவிட்டு இறங்கினேன்.

அண்ணன் எழுந்தார். ஆரம்பம் அமர்க்களம். பேன்ட்ரி கீநோட் அத்தனையையும் நடித்துக் காட்டினார். “மூஞ்சியைப் பாத்துத் திறந்தான், சரி. அடுத்த வருஷம் என்ன செஞ்சான்? அதே மூஞ்சி! அதுக்கடுத்த வருஷம்? அதே மூஞ்சி, வேற கலர்!” அரங்கம் குலுங்கியது. எங்கள் அணி தோற்றுவிட்டது என்று நான் பையை எடுத்துக்கொண்டேன்.

அப்போது சட்டைப் பையிலிருந்து இயர்பட்ஸை எடுத்தார். எல்லாரும் பார்க்க, காதில் ஒவ்வொன்றாக மாட்டினார்.

“நடுவர் அவர்களே, நான் பழைய பெருமை அணி. அதை மறக்கல. ஆனா எனக்குக் காது சரியா கேக்காது. அது எனக்கே தெரியாது. கம்பெனி குடுத்த ஒரு சின்ன அப்டேட்தான் சொல்லுச்சு. நேத்துதான் முதல் தடவையா இதை மாட்டிக்கிட்டு வீட்ல உக்காந்தேன். கிச்சன்ல மாலதி ஏதோ பேசுற சத்தம் கேட்டுச்சு.” அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். “நான் கட்டுனது ரொம்ப அமைதியான பொண்ணுன்னு இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேன், நடுவர் அவர்களே. அப்படி இல்ல.”

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

அண்ணன் குரலை இறக்கினார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “கைதட்டுற மாதிரி ஒண்ணுமே வரலன்னு எனக்குக் கோவம். வந்துச்சு. ஆனா அது கைதட்டுற மாதிரி இல்ல. நான் க்யூல நிக்காத வருஷத்துல வந்திருக்கு. இதுனால போன் விக்குமான்னு கேட்டா, விக்காது. எவனும் காது டெஸ்ட்டுக்கு நாற்காலி போட்டு உக்கார மாட்டான். கம்பெனி பயந்துதான் போயிருக்கு, இன்னமும் சொல்றேன். பயந்தவனும் நல்லது செய்வான்போல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

நடுவர் மணியைத் தட்டினார். “கேட்டுச்சுங்க” என்று சொல்லிவிட்டு அண்ணன் உட்கார்ந்தார். அதற்கும் சிரித்தார்கள்.

தீர்ப்பு எங்கள் பக்கம். தம் அணித் தலைவரிடம் அண்ணன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது என்று பெருமையோடு சொன்னார். மறுநாள் மிஸஸ் லிம்மிடமும் காது விஷயத்தை அவரே போய்ச் சொன்னார். மிஸஸ் லிம் ஸ்கேன் பிரிவுப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டு, தம் அம்மாவுக்கும் இந்தச் சோதனையை எப்படி வைப்பது என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டார். அண்ணன் இன்றும் அதே சீட்டில்தான் இருக்கிறார். வாடிக்கையாளரிடம் எந்தக் கேள்வியையும் ஒரு தடவைக்கு மேல் கேட்பதில்லை.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த ஞாயிறு சாயங்காலம்தான். விழா முடிந்து நாங்கள் மூன்று பேரும் சிராங்கூன் ரோட்டில் நடந்து வந்தோம். வார விடுமுறைக் கூட்டம். ஊரிலிருந்து வந்து வேலை செய்யும் தம்பிகள் நடைபாதையெங்கும் நின்று வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைத் திருப்பினார். பூக்கடையில் மாலை கட்டுபவர் நூலைப் பல்லால் அறுத்த சத்தத்துக்குக்கூட.

சாலையைக் கடக்கும் இடத்தில் பச்சை விழுந்தது. கண் தெரியாதவர்களுக்கும் புரியும்படி சிக்னல் கம்பம் வேகவேகமாக டிக்டிக்கென்றது. கூட்டம் கடந்தது. அண்ணன் நகரவில்லை.

“இந்தக் கம்பம் எப்பவும் இப்படிச் சத்தம் போடுமா?”

“எப்பவும்தாண்ணே.”

“ஓ” என்றார். கம்பத்தில் காதை வைக்காத குறையாக நின்றார். பச்சை அணைந்தது. மறுபடி பொத்தானை அழுத்தினார்.

நான் தெம்பனிஸில் இருக்கும் என் வீடு வரை போக வேண்டும், அவர்கள் புக்கிட் பாஞ்சாங் வரை. “அண்ணே, நேரமாச்சு” என்று வாய் திறக்கப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்தார்.

“விடும்மா” என்றார். “கேக்கட்டும்.”

பச்சை வந்தது, போனது, மறுபடி வந்தது. நாங்கள் மூன்று பேரும் சாலையைக் கடக்காமல் அங்கேயே நின்றோம்.