கூட்டம் தாங்காத ரயில்

1936-ம் வருஷம் பாகூர் கொம்யூன் முன்னேறியே தீர வேண்டும் என்று பிரெஞ்சுத் துரைத்தனத்தார் தீர்மானித்தார்கள். முன்னேற்றம் நடந்து வராது, ரயிலில்தான் வரும் என்பதும் கூடவே தீர்மானமாயிற்று. காலையில் பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு வண்டி. சாயங்காலம் அதுவே திரும்பி வரும்.

பாகூரை அடுத்த செலியமேட்டில் இதைக் கேட்டு உள்ளபடியே மகிழ்ந்தவன் தணிகைவேல். அவன் கத்தரிக்காய் பயிரிடுபவன். அதைக் கூடையில் சுமந்து புதுச்சேரி மார்க்கெட்டுக்கு நடப்பவள் அவன் மனைவி அமுதம். போய்ச் சேருவதற்குள் காய் வாடிவிடும். அமுதத்தின் கழுத்தோ எந்தப் பக்கமும் திரும்புவதில்லை. இனிமேல் சுமை கூடவே கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ரயில் விட வேண்டுமானால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று தெரிய வேண்டுமாம். மேலிடத்திலிருந்து கொம்யூன் தலைவரான மேருக்குத் தாக்கீது வந்தது. மேர் தம் குமாஸ்தா சிவப்பிரகாசத்தைப் பார்த்தார். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிற ஆள் அல்ல சிவப்பிரகாசம். ஓட்டு ஜாபிதாவை எடுத்துத் தூசி தட்டினார்.

"இவங்களவிட நம்பிக்கையான ஆளுங்க எங்க கிடைப்பாங்க, முசியே? மழையோ காலராவோ, எலெக்ஷன் அன்னைக்கு ஒருத்தர் பாக்கியில்லாம வர்றாங்களே!"

மேருக்கு இது நியாயமாகப் பட்டது. வந்தவர்கள் அத்தனை பேரும் அவருக்கே ஓட்டுப் போட்டவர்கள். எல்லாருமே சுடுகாட்டிலிருந்து வந்தார்கள் என்றால், அது அவர்களுடைய விசுவாசத்தைத்தான் காட்டுகிறது. ஜாபிதாப்படி ஆளுக்கொரு இடம் பேர் போட்டு ஒதுக்கி ரயில் மஞ்சூராயிற்று.

முதல் நாள் தணிகைவேல் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, கூடையை அமுதத்தின் தலையில் ஏற்றி, ஸ்டேஷனுக்குப் போனான். வண்டியில் ஈ காக்கை இல்லை. வாசலை மறித்துச் சிவப்பிரகாசம் நின்றார். ஸ்டேஷன் உத்தியோகமும் அவருக்கே கிடைத்திருந்தது.

"இடமில்லப்பா. வண்டி நிறைஞ்சு போச்சு."

"இன்னாங்கய்யா, காலியா கீதே!"

"காலியா? அந்தச் சன்னலோரம் யாரு இடம் தெரியுமா? உங்கப்பன் குழந்தைவேல் இடம்."

"அவரு செத்து ரொம்ப நாளாச்சுங்களே!"

"வாயக் கழுவுடா. போன எலெக்ஷன்ல வந்து ஓட்டுப் போட்டாரா இல்லையா?"

அந்த ஓட்டைப் போட்டவன் தணிகைவேல்தான். அப்பன் செத்த அன்றைக்குச் சிவப்பிரகாசமே வந்து ஒரு யோசனை சொன்னார். கிழவரின் ஓட்டு பழகின ஓட்டு, தப்பாமல் மேருக்கு விழும். மகன் ஓட்டு எந்தப் பக்கம் சாயுமோ, யார் கண்டது? ஆகையால் செத்தது மகன் என்று எழுதிக்கொள்வோம், நீ அப்பன் பேரில் வந்து போடு. ஒரு வேட்டியும் ஒரு புட்டி சாராயமும் கைக்கு வந்ததும் தணிகைவேல் சந்தோஷமாகச் செத்துப்போனான். ஊரில் மற்ற ஆண்களும் இப்படியே செத்திருந்தார்கள்.

"அப்போ எங்கப்பா பேர்லயே ஏறிக்கிறேங்க."

"ஆள்மாறாட்டமா? எலெக்ஷன்னா பரவாயில்ல. இது ரயில்டா! உள்ள தள்ளிடுவாங்க."

"என்னியாச்சும் ஏத்துங்கய்யா, கழுத்து வுட்டுப் போவுது" என்றாள் அமுதம்.

"பொம்பளைக்கு ஓட்டு ஏதும்மா? ஜாபிதாவுலயே இல்லாதவ எப்படிப் பிரயாணம் பண்ணுவ?"

ரயில் ஊதிக்கொண்டு கிளம்பிப் போயிற்று. வண்டி தினமும் நிரம்பி வழிகிறது, வட்டாரம் கண்கொள்ளாமல் செழிக்கிறது என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. அமுதம் தண்டவாளத்தை ஒட்டிக் கூடையோடு நடந்தாள். ஊராருக்கு அப்படி ஒன்றும் வருத்தமில்லை. "எங்க தாத்தாவுக்குச் சன்னலோரம்" என்று இங்கிலீஷ்காரன் எல்லையிலிருந்த சம்பந்திகளிடம் பெருமையடித்துக்கொண்டார்கள்.

அடுத்த எலெக்ஷன் வந்தது. கூட்டம் தாங்கவில்லை, ஆகவே இன்னொரு ரயில் விடப்போகிறேன் என்றார் மேர். ஊரே கை தட்டியது. தணிகைவேல் முதல் ஆளாகப் போய், தன் அப்பன் பேரை உரக்கச் சொல்லி, ஓட்டைப் போட்டுவிட்டுப் புது வேட்டியோடு வீடு திரும்பினான்.

"யாருக்குய்யா போட்ட?" என்று கேட்டாள் அமுதம்.

"மேருக்குத்தான். ரெண்டாவது ரயில் வுடறாராம், தெரியுமில்ல?"

அமுதம் கத்தரிக்காய்க் கூடையைத் தூக்கி, சும்மாடுகூட இல்லாமல் அவன் தலையில் வைத்தாள்.

"ஐயோ, கனக்குதுடி!"

"செத்தவனுக்கு இன்னாய்யா கனம்? நட."

நடந்தான். பக்கத்தில் கூட்டம் தாங்காத ரயில் ஓர் ஆள்கூட இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.