ஈனாக் முப்பாட்டனும் எங்கள் வீட்டுக் கொடிமரமும்

கேன் ஹாலோ, அலபாமா
மே மாதம், புதன்கிழமை

டொலீடோவில் சகல நலங்களோடும் வாழும் மூத்த சகோதரி வெர்னா அக்காவுக்கு, தம்பி ஆல்ட்டன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நான், நடீன், என் மூட்டுவலி மூவரும் சௌக்கியம். அத்தானின் சௌக்கியத்துக்கு எழுதவும்.

நாம் பேசி ஆறு வருஷம் ஆகிறது. காரணம் என் வாசலில் பறந்த கொடி. சிவப்புத் துணி, நீலப் பெருக்கல் குறி, பதின்மூன்று நட்சத்திரம், உள்நாட்டுப் போரில் நம் தெற்கு மாநிலங்களின் படை பிடித்த அதே கொடி. "அதை இறக்கினாத்தான் இந்த வாசப்படி மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் போனாய். பாத்திரம் பத்திரமாக இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை நம் லொரெலுக்குக் கல்யாணம், நம் வீட்டு முற்றத்தில், அதே கொடிமரத்துக்குப் பக்கத்தில். அதனால்தான் இந்தக் கடிதம்.

மாப்பிள்ளை டெஸ்மண்ட் கெய்தர் கறுப்பினப் பையன். தங்கமானவன். என்னைவிட நன்றாகப் பன்றிக்கறி சுடுவான், இதை யாரிடமும் சொல்லாதே. போன ஞாயிற்றுக்கிழமை லொரெல் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அப்பா, ஒண்ணு கொடி நிக்கட்டும், இல்ல நான் நிக்கிறேன். ரெண்டும் இந்த முற்றத்துல நிக்காது" என்றாள். "இது நம்ம பரம்பரைடி! என் முப்பாட்டன் ஈனாக் இதுக்குக் கீழ நாலு வருஷம் சண்டை போட்டார்டி!" என்றேன். "எதுக்காகப் போட்டாரு? மனுசங்கள விக்கவும் வாங்கவும்தானேப்பா?" என்றாள். அடுப்படியிலிருந்து நடீன், "கேக்கறாள்ல, பதில் சொல்லுங்க" என்றாள். பதில் வராதபோது ஆதாரம் தேடிப் போவது நம் குடும்ப வழக்கம், உனக்குத் தெரியாததா?

திங்கட்கிழமை சர்ச்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு கவுண்டி பதிவேட்டு அலுவலகத்துக்குப் போனேன். "முப்பாட்டனோட ராணுவப் பதிவு வேணும், ஃபிரேம் போட்டுக் கல்யாணத்துல வைக்கணும்" என்று முழங்கினேன். மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தது யார் என்கிறாய்? மாப்பிள்ளையின் அம்மா ஒடெஸ்ஸா கெய்தர். அங்கேதான் வேலை என்று நடீன் நாலு தடவை சொல்லியிருந்தாள். நான்தான் காது கொடுக்கவில்லை. "உக்காருங்க சம்பந்தி" என்று ஒரு பழைய ஏட்டைப் பிரித்து வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் தோள் குலுங்கியது. ஈனாக் லெட்பெட்டர், படையில் சேர்ந்த பன்னிரண்டாம் நாள் ஓட்டம். அதே கொடியைப் பிடித்துக்கொண்டு சிப்பாய்கள் வீடு தேடிப் போனால், அங்கே கவுன் போட்டு வெண்ணெய் கடைந்துகொண்டிருந்த ஓர் உயரமான 'அத்தை'தான் இருந்தாளாம். இப்படியே இரண்டு வருஷம்!

அக்கா, தேவதாருப் பெட்டியில் நாம் பயபக்தியோடு வைத்திருக்கும் டாபிதா முப்பாட்டியின் நீலக் கட்டம் போட்ட கவுன் ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டுப் பெண்களில் ஒருத்திக்காவது அந்தத் தோள் பொருந்தியதா? அது முப்பாட்டன் ஒளிந்திருந்த கவுன்! பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"எங்க முப்பாட்டனும் அதே வருஷம், அடிமைப் பண்ணையிலிருந்து, இந்த ஊர் ஓடைக்கரையிலதான் ஓடினாரு. ஓட்டத்துலயே நாம சம்பந்திங்க போல" என்றார் ஒடெஸ்ஸா. நான் பலமாகத் தலையாட்டினேன். உடனே விரலை நீட்டினார். "ரொம்ப ஆட்டாதீங்க. உங்காளுக்கு ஒளிஞ்சுக்க சொந்த வீடு இருந்துச்சு. எங்காளைப் பிடிச்சு வித்தாங்க. அவரை வித்த சீட்டும் இதே அலமாரியிலதான் இருக்கு." எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் துணியை அவர் நிற்கும் இடத்திலிருந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை அக்கா. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கயிற்றை இழுத்தேன். ஏறியே பழகிய கொடி, இறங்க மாட்டேன் என்றது. ஏணி போட்டேன், ஏணி வழுக்கியது, நான் கம்பத்தைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டடி உயரத்தில் தொங்க, கொடி வந்து என் முகத்தை மூட, சாலையில் போன பாதிரியார், "கொடிமேல அவ்வளவு பாசமாப்பா ஆல்ட்டன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். கடைசியில் டெஸ்மண்ட்தான் வந்து இறக்கினான், முதலில் என்னை, அப்புறம் கொடியை. ஒரு வார்த்தை கேலி இல்லை. "மாமா, வலிக்குதா?" என்றான், அவ்வளவுதான்.

இப்போது கொடிமரத்தில் முப்பாட்டனின் கவுன் பறக்கிறது. லொரெல் பார்த்துவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். நீ வந்தே ஆகவேண்டும். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கர்த்தர் உன் முழங்காலையும் அத்தான் வண்டியின் டயரையும் ஒருசேரக் காப்பாராக.

இப்படிக்கு,
ஓடியவர் வம்சத்தில் உதித்த தம்பி,
ஆல்ட்டன் லெட்பெட்டர்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஒடெஸ்ஸா வந்தார், முகம் வாடி. இந்தக் கவுண்டியில் இரண்டு ஈனாக் லெட்பெட்டர்களாம். ஓடியவர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர். நம்மாள் கடைசி நாள் வரை அந்தக் கொடிக்குக் கீழேதான் நின்றாராம். "கல்யாணம் முடிஞ்சு சொல்லலாமான்னு பாத்தேன். பொய்யில சம்பந்தம் வேணாம். கொடி இனி உங்க இஷ்டம்" என்றார். கயிறு இப்போது எண்ணெய் போட்டு ஜோராக ஓடுகிறது, பழைய கொடியைத் திரும்ப ஏற்ற ஒரு நிமிஷம் போதும். நான் அண்ணாந்து பார்த்தேன். கவுன் இரண்டு கையையும் விரித்து ஆடிக்கொண்டிருந்தது. "அது அங்கேயே இருக்கட்டும் சம்பந்தி. ஓட வேண்டியவர் ஓடலை. அவருக்குச் சேத்து நான் இறக்கிட்டேன்னு வச்சுக்குங்க" என்றேன். அந்தக் கவுன் யாருடையது என்பதுதான் இனி விளங்கப்போவதில்லை. எனக்குத் தோள் கச்சிதமாக இருக்கிறது. எப்படித் தெரியும் என்று மட்டும் நடீனிடம் கேட்காதே.