ஆறு காது நீளம்

விதிமுறைகளை மனப்பாடம் செய்தவனுக்கு ஒரு கோளாறு வந்துவிடும். காட்டில் திரிகிற மிருகங்களும் அவற்றைப் படித்துவிட்டுத்தான் திரிகின்றன என்று நம்பத் தொடங்கிவிடுவான். தேயிலை எஸ்டேட் ஆபீசில் ஆயுள் முழுக்கக் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். லீவு விதியில் சந்தேகம் வந்தால் யாரும் ரூல் புத்தகத்தைத் தேட மாட்டார்கள், என்னைத்தான் தேடுவார்கள். (புத்தகத்தைத் திறந்தால் மூடிவிடலாம், இவரைத் திறந்தால் மூட முடியாது என்பது என் மனைவி செண்பகத்தின் கருத்து.) இந்த ஞானம் முதன்முதலில் பலி வாங்கியது ஒரு மிளாவை. சரியாகச் சொன்னால், அந்த மிளா ஒருவனைத் தவிர மற்ற எல்லாரும் பலியானோம்.

எழுபதுகளின் தொடக்கம். சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்து, டிகிரி வாங்கிய சூடு ஆறுமுன் மேலே ஒரு எஸ்டேட்டில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். புத்தகத்தில் கடமான் என்று போட்டிருக்கும் மிருகத்துக்கு எங்கள் பக்கம் மிளா என்று பெயர். அதைச் சுட அன்றைக்குப் பெர்மிட் உண்டு. தீபாவளிக்கு எஸ்டேட்டுக்கு ஒரு மிளா. அந்தக் கறி ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் முதல் தொழிலாளர்களின் கடைசி லயம்வரை பங்கு போகும். ஆனால் நிபந்தனை கடுமையானது. ஆண் மிளாவாக இருக்க வேண்டும், வயது முதிர்ந்ததாக இருக்க வேண்டும், கொம்பு முப்பது அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அடுத்த வருஷம் பெர்மிட் கிடையாது.

முந்தைய வருஷம் பக்கத்து எஸ்டேட்டில் யாரோ அவசரப்பட்டு ஒரு இளசைச் சுட்டுவிட்டார்கள். அதனால் எங்கள் மேனேஜர் ஒரு புது ஏற்பாடு செய்தார். ஆபீசிலிருந்து ஒருவர் கூடப் போக வேண்டும், அவர் கொம்பைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே துப்பாக்கி வெடிக்க வேண்டும். பெர்மிட் விதிகளை ஒப்பிக்கத் தெரிந்தவன் ஆபீசில் நான் ஒருவன்தான். அதுவரை நான் ஒரே ஒரு மிளாவைப் பார்த்திருந்தேன். அதுவும் பஸ் ஜன்னல் வழியாக, பெட்டை, எருமை என்று நினைத்து.

துப்பாக்கி டீமேக்கர் சுடலைமுத்துவுடையது. ஃபாக்டரியில் இலை உலர்வதிலிருந்து டப்பாவில் ஏறுவதுவரை அவர் மூக்கின் அதிகாரம். அவருடைய மகள்தான் செண்பகம். எனக்கும் அவளுக்கும் முடிச்சுப் போடலாமா என்று இரண்டு வீட்டிலும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் வீட்டில் எல்லாருக்கும் சம்மதம், டீமேக்கர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "ஆபீசுல பையன் எப்படின்னு எல்லாவனும் சொல்லுதான். மலையில எப்படின்னு நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாராம். ஆக, மிளாவைப் பார்க்கப் போனவன் நான், என்னைப் பார்க்க வந்தவர் அவர்.

எந்தப் பரீட்சைக்கும் நான் படிக்காமல் போனதில்லை. எஸ்டேட் கிளப் அலமாரியில் கிடந்த ஒரு பழைய வேட்டைப் புத்தகத்தை எடுத்து வந்து கரைத்துக் குடித்தேன். மிளாவுக்கு முதலில் குச்சி மாதிரி ஒற்றைக் கொம்பு வரும். அது உதிர்ந்து அடுத்ததில் ஒரு கிளை கூடும். பக்கத்துக்கு மூன்று முனை வந்ததும் நின்றுவிடும். அதற்குமேல் எத்தனை வயதானாலும் மூன்றுதான். ஆகவே முனையை எண்ணி வயது சொல்கிறவன் முட்டாள், நீளத்தையும் பருமனையும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மிளாவிடம் டேப்பை நீட்ட முடியாதே? அதற்கும் வழி சொல்லியிருந்தார்கள். காதை அளவுகோலாக வைத்துக்கொள். கொம்பு எத்தனை காது நீளம் என்று பார். அருமையான முறை. காது எத்தனை அங்குலம் என்று எழுதியிருந்த இடத்தைத்தான் கரையான் தின்றிருந்தது.

கரையானுக்கெல்லாம் பயப்படுகிறவனா நான்? கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேஜைக்கு மேலே, சுவரில் ஒரு மிளாத் தலை பாடம் செய்து மாட்டியிருந்தது. பட்லரிடம் கெஞ்சி, செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைமேல் ஏறி நின்று அளந்தேன். கொம்பு முப்பத்தைந்து அங்குலம். காது ஐந்து. அதாவது கொம்பு ஏழு காது நீளம். அப்படியானால் சட்டப்படி வேண்டிய முப்பது அங்குலம் என்பது ஆறு காது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் காது முடி உதிராமல் கம்பளிபோல மெத்தென்று இருந்தது. பாடம் செய்தவரின் கைத்திறனை மனதுக்குள் மெச்சிக்கொண்டே இறங்கினேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலை கிளம்பினோம். தேயிலை முடிந்து புல்மேடு தொடங்கும் இடத்திலேயே எனக்கு மூச்சு வாங்கிற்று. டீமேக்கர் தமது வயதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர்போல ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, எனக்காக நிற்கவில்லை என்பதுபோல் பீடி பற்றவைத்துக்கொண்டார். என் காலில் ஏறிய அட்டைகளைச் சட்டைப்பையில் இருந்த உப்புப் பொட்டலத்தால் அவரே தொட்டுத் தொட்டு உதிர்த்துவிட்டார். என் தேறுதல் சதவீதம் இறங்கிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

ஒரு சோலையின் ஓரத்தில் பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்தோம். மூடுபனி ஒரு பக்கம் விலக, மரங்களுக்குள்ளிருந்து அவன் வந்தான்.

நனைந்த கருப்பு நிறம். கழுத்தில் சால்வை போர்த்தியதுபோல் அடர்ந்த மயிர். மூக்கைச் சுற்றி நரை. கொம்பு அடியில் என் முன்னங்கை அளவு பருமன், மேலே பின்சாய்ந்து போய், நுனியில் பனித்துளி சொட்டிற்று. ரிட்டயர் ஆன தாசில்தார் காலை நடைக்கு வந்ததுபோல், யாரையும் மதிக்காமல் வந்து நின்றது.

டீமேக்கர் துப்பாக்கியைத் தோளில் பொருத்தினார்.

"சுடட்டா தம்பி?"

"பொறுங்கய்யா. அளக்கேன்."

நான் பென்சிலை எடுத்துக் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, மிளாவின் காது நீளத்தைக் கட்டைவிரலால் பென்சிலில் குறித்துக்கொண்டேன். பிறகு கொம்பின் அடியிலிருந்து வளைவோடு மேலே போனேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. பாதி. கொம்பு முடிந்துவிட்டது. மறுபடி அளந்தேன். (மிளா ஒத்துழைத்தது. அந்த மாதிரி ஒரு பொறுமையான கட்சிக்காரரை நான் பிறகு ஆபீசில்கூடப் பார்க்கவில்லை.)

"நாலரைதான் வருது" என்றேன்.

"நாலரை என்னது?"

"காது."

டீமேக்கர் மிளாவை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

"கழுத்து மயிரப் பாத்தியளா? மூஞ்சி நரைச்சிருக்கு பாருங்க."

"நரைக்கு ரூல் கிடையாதுய்யா. நாலரைக் காதுன்னா இருபத்திரண்டரை அங்குலம். இது இளசு. சுடக்கூடாது."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியளா?"

என் முழங்கால்கள் பாறையில் தாளம் போட்டன. கையில் துப்பாக்கி வைத்திருப்பவர், மனதில் மாமனார் ஸ்தானத்தில் இருப்பவர், கீழே வாய் பிளந்து காத்திருக்கும் லயங்கள். ஒரு தலையசைப்பில் எல்லாம் சுபமாக முடிந்துவிடும். ஆனால் ரூல் ரூல்தானே.

"சுடாதீங்கய்யா."

அவர் துப்பாக்கியை இறக்கிவிட்டார். அந்த அரவத்துக்கு மிளா தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. ஒரு முறை காலை ஓங்கித் தரையில் அடித்தது. பிறகு அவசரமே இல்லாமல் திரும்பி, சோலைக்குள் நடந்துபோயிற்று. கொம்பு கிளைகளில் உரசும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நாலரைக் காதுக்கு அது கொஞ்சம் அதிகமான நேரம்தான். அப்போது எனக்கு உறைக்கவில்லை. இறங்கும் வழியெல்லாம் காது அளவை முறையை அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தேன்.

லயத்து முற்றத்தில் பெண்கள் தூக்குப்பாத்திரங்களோடு நின்றார்கள். வறுத்த மல்லியும் மிளகும் மணக்க, ஒவ்வொரு வீட்டு அம்மியும் ஓய்ந்து தயாராக இருந்தது. டீமேக்கர், "கிடைக்கல" என்ற ஒரே சொல்லோடு முடித்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். நான் முன்னே வந்து, கிடைத்ததாகவும், அது இளசாக இருந்ததால் சட்டப்படி அனுமதிக்கவில்லை என்றும் விவரமாக எடுத்துச் சொன்னேன்.

ஒரு கிழவி, "இளசுன்னா கறி சீக்கிரமா வேகுமே ஐயா" என்றாள்.

மறுநாள் தீபாவளி. அரைத்த மசாலாவை வீணாக்க முடியாதல்லவா? எஸ்டேட்டில் விதைக்காமலே காய்த்துக் குலுங்குவது சௌசௌ ஒன்றுதான். எல்லா லயத்திலும் மிளாவுக்கென்று அரைத்த மசாலாவில் சௌசௌ கொதித்தது. ஏற்கெனவே அழைத்துவிட்டபடியால் டீமேக்கர் வீட்டில் எனக்கு மதியச் சாப்பாடு. சொன்ன வார்த்தையை மாற்றாத குடும்பம்.

செண்பகம் பரிமாறினாள். அவளை அவ்வளவு பக்கத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். பெண்ணின் முன்னால் என் அறிவு வீணாகிறதே என்று காது அளவை முறையை மறுபடி ஆரம்பித்தேன்.

அவள் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். "எந்தக் காத அளந்திய?"

"கிளப்புல மாட்டியிருக்கில்ல, அந்தத் தலையோட காது. சரியா அஞ்சு அங்குலம்."

கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பழைய கம்பளிக் கோட்டு இருந்தது. மிளா நிறம். அதை என் மடியில் வைத்தாள். அதற்கு ஒரு கைதான் இருந்தது.

"இதோட இன்னொரு கை அங்க இருக்கு" என்றாள்.

விஷயம் இதுதான். போன மழைக்காலத்தில் கிளப்பைப் பூட்டிப் போட்டிருந்தபோது, எலி அந்தத் தலையின் காதுகளைத் தின்றுவிட்டது. மேனேஜர் பார்ப்பதற்குள் ஏதாவது செய்யச் சொல்லிப் பட்லர், தையல் மிஷின் இருக்கும் ஒரே வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறார். டீமேக்கரின் கோட்டில் ஒரு கை ஃபாக்டரி அடுப்பில் கருகியிருந்தது. கருகாத பகுதியில் வெட்டினால் எவ்வளவு வருமோ அவ்வளவு காது தைத்திருக்கிறாள்.

"துணி அம்புட்டுதான் இருந்துச்சு" என்றாள், மன்னிப்புக் கேட்பவளைப்போல. "நெச மிளாவுக்கு முறத்துல பாதி இருக்கும் காது."

நான் மனதுக்குள் கணக்கைத் திருத்திப் போட்டேன். டீமேக்கரிடம் மெதுவாகக் கேட்டேன். "ஐயா, அது எத்தனை அங்குலம் இருந்திருக்கும்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "முப்பத்தாறுக்குக் குறையாது. இந்த மலையில நான் பாத்ததுலயே பெரிசு."

"தெரிஞ்சும் ஏன் சுடல?"

"நீங்க வேண்டாம்னிய." ஒரு கவளம் உள்ளே போனது. "காலு ரெண்டும் தந்தி அடிக்கி. வாயி மட்டும் வேண்டாம் வேண்டாம்ங்குது. துப்பாக்கியும் என்கிட்ட, பொண்ணும் என்கிட்ட. எதுக்குப் பயந்தும் நீங்க சரின்னு சொல்லலையே." பிறகு செண்பகத்தின் பக்கம் திரும்பி, "தம்பிக்கு இன்னும் ரெண்டு துண்டு போடு. இளசா பாத்துப் போடு" என்றார். அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. புரையேறிச் சிரித்து, தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

அவர் சம்மதித்த பிறகு செண்பகத்தைக் கேட்டிருக்கிறார்கள். "அந்தக் காத நம்புன ஒரே ஆளு இவருதான். என்ன செய்ய" என்றாளாம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தையில் கல்யாணம் வைத்தார்கள்.

கொஞ்ச காலத்திலேயே சட்டம் வந்து வேட்டை அடியோடு நின்றுபோனது. எங்கள் எஸ்டேட்டின் கடைசிப் பெர்மிட் என் பென்சில் முனையில் தப்பிப் போய்விட்டது. மாமா அதற்குப் பிறகும் துப்பாக்கி இல்லாமல் அந்தப் பாறைவரை போய் வருவார். "உங்க இளசப் பாத்தேன் மாப்பிள்ளை, சௌக்கியமா இருக்கு" என்பார். அவர் சாகும்வரை அது இளசாகவே இருந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் தீபாவளி மதியம் சௌசௌக் குழம்புதான். அதற்குப் பெயர் மிளாக் குழம்பு. பேத்தி இதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிவைக்க, வனத்துறைக்காரர் ஒருவர் விசாரிக்க வந்து, விதிப்படி நான் விளக்கம் சொல்லச் சொல்ல இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

கிளப்பை மூடியபோது தலையை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். அதற்கு முன்பே செண்பகம் பட்லரிடம் சொல்லித் தன் காதுகளைப் பிரித்து வாங்கிவிட்டாள். அலமாரியில் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கின்றன. இப்போது எனக்குக் காது மந்தம். அவள் ஒன்று சொன்னால் நான் இரண்டு தடவை கேட்கிறேன். மூன்றாவது தடவை கேட்டால் அவள் திரும்பச் சொல்வதில்லை. அலமாரியைக் கைகாட்டுவாள்.

"ஒரு ஜோடி அங்க சும்மாதான் கெடக்கு. எடுத்து மாட்டிக்கிடுங்க. அளவு உங்களுக்குத் தெரியும்."